படம் பிடித்தவன் யார்?

தொழிலாளி ஒருவன் ஒரு குறையைச் சொல்கிறான். நிர்வாகத்தின் முன் அப்போது இரண்டு கேள்விகள் நிற்கின்றன. "அவன் சொன்னது மெய்யா?" என்பது ஒன்று. "சொன்னவன் யார்?" என்பது மற்றொன்று. இவ்விரண்டில் எதை ஒரு முதலாளி முதலில் கேட்கிறார் என்பதைக் கொண்டே அந்த ஸ்தாபனத்தின் யோக்கியதையை மதிப்பிட்டு விடலாம். நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கித்தாக் காட்டிலே வாழ்ந்த சமூகம் நமது சமூகம். நாம் கண்டவரை பெரும்பாலான துரைமார் முதலில் கேட்டது இரண்டாவது கேள்வியைத்தான். முதல் கேள்வியைக் கேட்க அவர்களுக்கு நேரம் வாய்ப்பதில்லை!

இந்த விஷயத்தை இப்போது எழுத வேண்டிய அவசியம் என்ன என்று யோங் பெங் வட்டார வாசகர்கள் கேட்கலாம். ஆயர் ஈத்தாம் பாதையிலும் லாபிஸ் பாதையிலும் செம்பனைதான் இன்று கண்ணுக்கு எட்டிய தூரம் நிற்கிறது. கித்தா மரம் குறைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் மரம் மாறினாலும் நிர்வாகத்தின் பழக்கம் மாறவில்லை. முன்பு பெரட்டுக் களத்தில் வாய் திறந்து பேசியவனைக் குறித்து வைத்தார்கள். இன்று கையில் தொலைபேசி வைத்துக்கொண்டு ஒழுகும் கூரையைப் படம் பிடித்தவனைக் குறித்து வைக்கிறார்கள். நாம் வெட்டும் பாலின் பெயரால் கோடி கோடியாகப் பொருள் சேர்த்த ஒரு பெரிய கம்பெனியில் நடந்த சம்பவம் இதற்குச் சரியான சாட்சி. பால் வெட்டும் தொழிலாளியும் காரியாலயத்துக் கிராணியும் அதை நன்கு அறிந்து வைத்திருப்பது நல்லது.

டாப் குளோவ் என்னும் கம்பெனியை அறியாதார் இல்லை. டான் ஸ்ரீ லிம் வீ சாய் 1991-ஆம் ஆண்டில் தொடங்கியது. உலகத்திலேயே மிகப் பெரிய கையுறைக் கம்பெனி என்று பெயர் எடுத்தது. ரப்பர் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். நம் பாலின் அருமை அவருக்குப் புதிதன்று. கையுறைகளில் ஒரு பகுதி ரப்பர்ப் பாலிலும் மற்றொரு பகுதி நைட்ரைல் என்னும் செயற்கைச் சரக்கிலும் ஆகின்றன. கோவிட் நோய் உலகைச் சூழ்ந்த 2020-ஆம் ஆண்டில் எந்த ஆஸ்பத்திரியைப் பார்த்தாலும் கையுறை வேண்டும் என்ற கூக்குரல். அந்த வருஷம் ஆகஸ்டில் முடிந்த கணக்கில் கம்பெனியின் லாபம் 170 கோடி ரிங்கிட்டைத் தாண்டியது. அடுத்த வருஷக் கணக்கில் 750 கோடியையும் தாண்டிற்று. தொழிற்சாலைகள் இரவு பகல் ஓய்வின்றி ஓடின. அங்கே உழைத்தவர்களில் பெரும் பகுதியினர் நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தது போல, அவர்கள் விமானம் ஏறி வந்தார்கள். வேறுபாடு அவ்வளவே.

2020 மே மாதத்தில் நேப்பாளத் தொழிலாளி ஒருவர் இரண்டு படங்கள் பிடித்தார். இரவு ஷிப்டு தொடங்கும் முன், உடம்புச் சூடு பார்ப்பதற்காகத் தொழிலாளர் கூட்டமாக நிற்கும் காட்சி அது. முகத்தில் மூடி இருந்தது. இடைவெளிதான் இல்லை, ஒருவரோடு ஒருவர் ஒட்டி நின்றார்கள். நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கூட்டிய கூட்டமே நோய் பரவ வழி செய்யும் கூட்டமாக இருந்தது. இதைவிடப் பெரிய கேலி வேறு வேண்டுமா? அப்படங்கள் தொழிலாளர் உரிமைக்காகப் பாடுபடும் ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

கம்பெனி என்ன செய்தது? மதில் மூலையில் வைத்திருந்த காமிராக்களின் பதிவைச் சுழற்றிப் பார்த்தது. படம் பிடித்தவர் இன்னார் என்று கண்டுகொண்டது. செப்டம்பர் மாதம் 23-ஆம் தேதியிட்டு அவருக்கு வேலை நீக்கக் கடிதம் கொடுத்தது. காமிராவின் மூலம் அவர் அடையாளம் காணப்பட்ட செய்தி அந்தக் கடிதத்திலேயே இருந்ததென்று ராய்ட்டர் செய்தி ஸ்தாபனம் அதைப் பார்த்து அந்த ஆண்டு டிசம்பரில் வெளியிட்டது.

நாம் ஒன்று கேட்கிறோம். அந்தக் காமிராவில் தெரிந்தது படம் பிடித்த ஒருவர் மட்டுந்தானா? ஒட்டி நின்ற கூட்டமும் அதே காமிராவில் தெரிந்திருக்க வேண்டுமே! ஒரே பதிவு, ஒரே வேளை. அதில் ஒருவனுடைய கையிலிருந்த தொலைபேசி நிர்வாகத்தின் கண்ணுக்குப் பட்டது. நூறு பேருடைய தோள்கள் உராய்ந்தது படவில்லை. பார்வை கெட்டதனால் வந்த வினை அல்ல இது. எதைப் பார்க்க வேண்டும் என்று முன்னரே தீர்மானித்துக்கொண்டு பார்த்ததனால் வந்தது.

பின்னர் நடந்ததை நாடே அறியும். நவம்பர் மாதத்தில் கிள்ளான் மேரு வட்டாரத்துத் தொழிற்சாலைகளிலும் விடுதிகளிலும் நோய் மளமளவென்று பரவிற்று. நவம்பர் 23-ஆம் தேதி, 28 தொழிற்சாலைகளைப் படிப்படியாக மூடும்படி அரசாங்கம் உத்தரவிட்டது. அப்போதே 2,400 பேருக்கு மேல் நோய் கண்டிருந்தது. வருஷம் முடிவதற்குள் அந்த எண்ணிக்கை 5,000-ஐத் தாண்டியது. தொழில் இலாகா அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது விடுதிகள் நெரிசலாகவும் காற்றோட்டமின்றியும் இருக்கக் கண்டார்கள். நேப்பாளத்திலிருந்து வந்த காவலாளி ஒருவர் டிசம்பரில் உயிரிழந்தார்.

அந்த இரண்டு படங்களைக் கம்பெனி மதித்திருந்தால் நோயே வந்திராது என்று நாம் வாதாட வரவில்லை. நோய் எங்கே நுழைந்தது, யார் கொண்டு வந்தார் என்பதெல்லாம் டாக்டர்கள் ஆராய வேண்டியவை. நாம் சொல்வது வேறு. மே மாதத்திலேயே, செலவில்லாமல், சம்பளம் பெறும் ஒரு சாதாரணத் தொழிலாளி ஒரு குறையைக் கண்ணெதிரே கொண்டுவந்து வைத்தார். பெரிய நிபுணரை அழைத்துக் கூலி கொடுத்தாலும் அதற்கு மேல் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. அதைப் பெற்றுக்கொண்ட கம்பெனி, கொடுத்தவரை வெளியே அனுப்பிற்று.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. இதே கம்பெனி வேறொரு வேளையில் வேறு விதமாக நடந்துகொண்டதும் வாஸ்தவம். 2018 டிசம்பரில் லண்டன் பத்திரிகையாகிய கார்டியனிலும் ராய்ட்டர் அறநிலையத்தின் செய்தியிலும், டாப் குளோவ் தொழிலாளர் ஏஜண்டுகளிடம் பட்ட கடனிலே மூழ்கி, அளவுக்கு மீறி ஓவர்டைம் செய்கிறார்கள் என்று வெளிவந்தது. அதற்கு அடுத்த மாதமே, 2019 ஜனவரி முதல், வேலைக்கு வரும் தொழிலாளி ஏஜண்டுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, செலவு முழுவதும் கம்பெனியைச் சேர்ந்தது என்ற கொள்கையை அது மேற்கொண்டது. நல்ல காரியம். நாம் மனதாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லண்டனிலிருந்து குறை சொன்னால் புதிய கொள்கை பிறக்கிறது. ஆலைக்குள்ளிருந்து குறை சொன்னால் நீக்கக் கடிதம் பிறக்கிறது. சொன்ன விஷயத்திற்கு மதிப்பில்லை. சொன்னவரின் அந்தஸ்துக்கு மதிப்பு. தோட்டத்தில் வாழும் நமக்கு இது பழகிப்போன கதை. ஆயாக்கொட்டகையில் தண்ணீர் வரவில்லை என்று பிள்ளைகளின் தாயார் பத்து முறை சொன்னால் ஒருவரும் அசைய மாட்டார்கள். கோலாலம்பூர்த் தலைமைக் காரியாலயத்திலிருந்து ஒரு விசிட்டிங் துரை வந்து குழாயைத் திருகிப் பார்த்துவிட்டால், அன்று மாலையே பிளம்பர் வந்து நிற்பார்!

நிற்க. லண்டனுக்கும் மேலே வாஷிங்டன் இருந்தது. அமெரிக்காவில் 1930-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் ஒன்று உண்டு. கட்டாய உழைப்பினால் ஆன சரக்கை நாட்டுக்குள் விடலாகாது என்பது அதன் ஒரு விதி. அதன்படி 2020 ஜூலை 15-ஆம் தேதி டாப் குளோவின் இரண்டு கிளைக் கம்பெனிகளின் கையுறைகளை அமெரிக்கச் சுங்க இலாகா தடுத்து நிறுத்தியது. 2021 மார்ச்சில் தடை மேலும் இறுகியது. அந்தக் கடிவாளம் விழுந்த பிறகு, பழைய நாளில் ஏஜண்டுகளுக்குத் தொழிலாளர் கட்டிய பணம் 13 கோடி ரிங்கிட்டுக்கு மேல் அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது, விடுதிகளும் சீர்பட்டன. 2021 செப்டம்பரில் தடை நீங்கிற்று. குறை கூறுவோனை நீக்குவது சிக்கனம் என்று நினைக்கும் நிர்வாகங்கள் இந்தக் கணக்கை ஒரு முறை கூட்டிப் பார்க்கட்டும். கூட்டுவது நம் கிராணிமாருக்குக் கைவந்த வேலை. துரைமாருக்கு வேண்டுமானால் அவர்கள் உதவி செய்வார்கள்.

தோட்டத் துறையும் இதற்கு விலக்கன்று. சைம் டார்பி பிளாண்டேஷன் கம்பெனியின் பாமாயிலை அமெரிக்கா 2020 டிசம்பரில் தடுத்தது. அதற்கு வழிகோலிய மனுவை அனுப்பிய ஒரு வெளிநாட்டு ஸ்தாபனத்தின் தலைவர்மீது 2021-இல் அந்தக் கம்பெனி வழக்குத் தொடுத்தது. பிறகு வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்பால் தொழிலாளர் கட்டிய ஏஜண்டுப் பணத்தைத் திருப்பித் தரக் கோடிக்கணக்கில் ஒதுக்கியது. 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. கம்பெனியின் பெயர் 2024-இல் எஸ்டி கத்ரி என்று மாறியிருக்கிறது. முதலில் வழக்கு, பின்பு பரிகாரம் என்ற வரிசையை மட்டும் வாசகர்கள் கவனித்தால் போதும். வரிசை தலைகீழாக இருந்திருந்தால் இரண்டு வருஷமும் ஏராளமான வக்கீல் கட்டணமும் மிஞ்சியிருக்கும்.

மேரு என்றும் கிள்ளான் என்றும் பெயர் வந்தவுடன் நம் மனம் 1941-க்குப் போகிறது. போகாமல் எப்படி இருக்கும்? அதே கிள்ளான் வட்டாரத்துக் கித்தாத் தோட்டங்களில்தான் அந்த ஆண்டு நம்மவர் வேலையை நிறுத்தினார்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது, ரப்பருக்குக் கிராக்கி, கம்பெனிகளுக்கு நல்ல காலம். தொழிலாளிக்கு மட்டும் பழைய கூலி. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் சார்பில் ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளை இன்று எடுத்துப் படித்தாலும் மயிர்க்கூச்செறியும். நாதன் தமிழ் நேசன் பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்தவர் என்பதைத் தொழிலாளர் பத்திரிகை நடத்தும் நாம் சற்றுப் பெருமையோடு நினைத்துக்கொள்கிறோம்.

சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும் என்று கேட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடமும் வைத்திய வசதியும் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். நம் பெண்களிடம் வரம்பு மீறுவதை நிறுத்து என்றார்கள். உறவினரும் சிநேகிதரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக வேண்டும் என்றார்கள். துரையும் உத்தியோகஸ்தரும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். இன்று தோட்டத்துப் பையன்கள் மானேஜர் பங்களா வாசலிலேயே மோட்டார் சைக்கிளை உறுமவிட்டுப் போகிறார்கள். அது யார் வாங்கிக் கொடுத்த உரிமை என்று அவர்களுக்கு யாராவது சொன்னதுண்டா?

அந்தக் கோரிக்கைகளுக்கு நடுவே இன்னொன்று இருந்தது. குறைகளை எடுத்துச் சொல்பவர்களைப் பழிவாங்கக் கூடாது என்பது அது. இதை ஆழ்ந்து யோசிக்க வேண்டும். கூலியும் பள்ளிக்கூடமும் கேட்டவர்கள், கேட்பதற்கே பாதுகாப்பு வேண்டும் என்று தனியாக ஒரு கோரிக்கை வைத்திருக்கிறார்கள். எதற்காக? இந்த ஒரு கதவு அடைபட்டால் மற்றக் கோரிக்கைகளை வெளியே கொண்டுவர வழியே இல்லை என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள். பெரும்பாலோர்க்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் இது தெரிந்திருந்தது.

அதற்கு வந்த பதில் என்ன? தோட்ட முதலாளிகளும் சர்க்காரும் கோரிக்கைகளைப் பிரச்சினையாகக் காணவில்லை. நாதனைப் பிரச்சினையாகக் கண்டார்கள். 1941 மே மாதம் 5-ஆம் தேதி அவர் கைது செய்யப்பட்டார். பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தலைவரை எடுத்துவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. நடந்ததோ நேர்மாறு. வேலைநிறுத்தம் தோட்டத்துக்குத் தோட்டம் தாவியது. பட்டாளம் வந்தது. சிலாங்கூரில் அவசர நிலை அமலாயிற்று. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டனர். பழிவாங்கக் கூடாது என்று கேட்டவர்களுக்குக் கிடைத்தது இது.

1941-க்கும் 2020-க்கும் இடையே எவ்வளவோ மாறிவிட்டது. வெள்ளைத் துரை போனார். தேசம் சுதந்திரம் அடைந்தது. சிதறிக் கிடந்த சங்கங்கள் 1954-இல் ஒன்றுகூடித் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கமாயின. துப்பாக்கியும் பட்டாளமும் இன்று இல்லை. ஒரு வெள்ளைக் காகிதமும் கையெழுத்தும் போதுமானதாக இருக்கின்றன. நேப்பாளத் தொழிலாளியைக் கிள்ளான் தோட்டத்துத் தியாகிகளோடு ஒப்பிடுவது மிகை என்று சிலர் சொல்லக்கூடும். உயிர் வேறு, வேலை வேறுதான். ஆனால் முதலாளி கேட்ட கேள்வி ஒன்றுதானே? யார் சொன்னான்?

வேலைதானே போயிற்று என்று இலேசாகப் பேசுகிறவர்கள் லயத்தில் வாழ்ந்தவர்களாக இருக்க முடியாது. நமக்கு வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் பிள்ளையின் பள்ளிக்கூடம் போகும். பாட்டன் நட்ட முருங்கை போகும். முனீஸ்வரர் கோயில் திருவிழாவில் நமக்கு இருந்த இடம் போகும். வெளிநாட்டுத் தொழிலாளிக்கோ வேலை பெர்மிட்டு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை நீங்கினால் பெர்மிட்டு ரத்து; பெர்மிட்டு ரத்தானால் விமானச் சீட்டு. ஊரிலே வட்டிக்கு வாங்கிய கடன் மட்டும் ரத்தாவதில்லை. ஆகையால் நீக்கக் கடிதம் ஒருவருக்குத்தான் கொடுக்கப்படுகிறது, படிப்பவர்கள் ஆயிரம் பேர். அந்த ஆயிரம் பேரும் அன்று முதல் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். நிர்வாகம் விலை கொடுத்து வாங்குவது அந்த மௌனத்தைத்தான். அடுத்த தீங்கு வரும்போது முன்கூட்டிச் சொல்ல ஓர் ஆள் இருக்க மாட்டான் என்பதும் அந்த விலையில் சேர்ந்ததே.

நம் வட்டாரத் தோட்டம் ஒன்றில் புகார்ப் பெட்டி ஒன்று தொங்குகிறது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். காரியாலயத்து முன்கூடத்தில், பெரிய கிராணியின் ஜன்னலுக்கு நேர் எதிரே, மேலே காமிரா வைத்த தூணிலே அதை மாட்டியிருக்கிறார்கள்! பெயர் எழுத வேண்டியதில்லை என்று பெட்டியின்மேல் எழுதியிருக்கிறது. நாற்பது குடும்பம் உள்ள தோட்டத்தில் யாருடைய கையெழுத்து எப்படி இருக்கும் என்று மாதாமாதம் சம்பளப் புத்தகத்தில் பார்க்கிறவர்களுக்குத் தெரியாதா? பெட்டி காலியாகவே இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் புகாரே இல்லை என்று மேலிடத்துக்கு ரிப்போர்ட்டும் போகிறது. பெட்டியைக் கோயில் பக்கமோ பால் ஸ்டோர்ப் பக்கமோ மாற்றி வைத்தால் ஒரு மாதத்தில் உண்மை நிலை தெரிந்துவிடும். சாவியைச் சங்கக் கிளைத் தலைவரும் நிர்வாகமும் கூட்டாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆணி அடிக்கக் காசு இல்லை என்றால் நாமே வாங்கிக் கொடுக்கச் சித்தமாக இருக்கிறோம்.

கிராணிமாரைப் பற்றிச் சொன்னதனால் அவர்கள் வருத்தப்பட வேண்டாம். அவர்களுக்குச் சங்கம் வேறாக இருக்கலாம், சங்கடம் வேறல்ல. நீக்கக் கடிதத்தை டைப் அடிப்பது கிராணியின் விரல்கள்தாம். காமிராப் பதிவை ஓட்டிக் காட்டச் சொன்னால் ஓட்டிக் காட்ட வேண்டியவரும் அவரே. எய்தவன் இருக்க அம்பை நோக நாம் விரும்பவில்லை. ஆனால் அம்புக்கும் கண் உண்டு. செக்ரோலில் ஒரு நாள் விடுபட்டிருப்பதை முதலில் காண்பவர் கிராணி. பாலின் எடைக்கும் கணக்கில் ஏறிய எடைக்கும் வேறுபாடு இருந்தால் முதலில் காண்பவரும் அவரே. அவர் வாய் திறந்தால் அவரும் குறை கூறுபவர் ஆகிவிடுகிறார். அதே காமிரா அவர் நாற்காலியின் மேலும் திரும்பும். ஆகவே குறை கூறுவோருக்குப் பாதுகாப்பு என்பது பால் வெட்டுபவனுக்கு மட்டும் வேண்டியது, நமக்கென்ன என்று ஓர் உத்தியோகஸ்தர் இருந்துவிட முடியாது.

முதலாளிகள் தரப்பில் ஒரு நியாயம் சொல்வார்கள். அதையும் கேட்டுவிடுவோம். "எங்களிடம் நேரே வந்து சொல்லாமல் வெளியார் கையில் கொண்டுபோய்க் கொடுக்கலாமா? கம்பெனிக்குக் கெட்ட பெயர் வந்தால் சரக்கு விற்காது; சரக்கு விற்காவிட்டால் தொழிலாளிக்குத்தானே நஷ்டம்?" என்பார்கள். இதில் சிறிதும் உண்மை இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். குடும்பச் சண்டையைச் சந்தியில் வைப்பது யாருக்கும் பெருமையன்று. ஆனால் வீட்டுக்குள் பேசினால் காது கொடுப்பவர் இருந்தால் சந்திக்கு யார் போகப் போகிறார்கள்? தாமே செவியைப் பொத்திக்கொண்டு, ஊர் ஏன் கேட்கிறது என்று கோபிப்பது வேடிக்கை. அரசனை இடித்துச் சொல்லத் தக்கவர்களைத் துணையாகக் கொள்ளும்படி வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயிரக்கணக்கானோரை வைத்து வேலை வாங்குகிற கம்பெனித் தலைவர் ஒருவகையில் சிற்றரசர்தாமே!

மற்றொரு பக்கமும் உண்டு. நம்மவர்களுக்கும் நாம் சொல்ல வேண்டியது இருக்கிறது. கோபத்தில் கண்டபடி எழுதி, மானேஜரின் வீட்டுப் பெண்களை இழுத்து, நடக்காததை நடந்ததாக ஜோடித்து ஊரெல்லாம் அனுப்புவது குறை கூறுதல் ஆகாது. அது வசை. வசையை வைத்துக்கொண்டு சங்கம் வழக்காட முடியாது. எந்த வீடு, எந்தத் தேதி, எத்தனை நாளாகத் தண்ணீர் இல்லை, யாரிடம் சொன்னோம், அவர் என்ன பதில் சொன்னார் என்று நான்கு வரி எழுதுங்கள். படம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதி காரியாலயத்துக்கு; ஒரு பிரதி கிளைக் காரியதரிசிக்கு. ஒற்றை ஆள் பெயரில் போவதைவிட ஒரு லயமே சேர்ந்து கையெழுத்திட்டால் நலம். பத்துப் பேரையும் காமிராவில் தேடிப் பிடித்து நீக்குவது அவ்வளவு சுலபமல்ல.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் மனதில் இருத்துங்கள். ஒழுங்கீனம் என்று காரணம் காட்டி ஒருவரை நீக்குமுன் முறையான விசாரணை நடத்த வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு கூறுகிறது. சங்க நடவடிக்கையில் ஈடுபட்டதற்காக ஒருவரை நீக்கலாகாது என்பது 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு. அச்சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி, நியாயமின்றி நீக்கப்பட்டவர் மீண்டும் வேலை கோரி மனுச் செய்யலாம்; நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் செய்ய வேண்டும். வெளிநாட்டவர்க்கும் இந்த உரிமை உண்டு. பெர்மிட்டு இன்றி 60 நாள் எங்கே தங்கி மனுப் போடுவது என்பது சட்டம் எழுதியவர்கள் யோசிக்காமல் விட்ட இடம்.

தகவல் தருவோரைக் காக்க 2010-இல் ஒரு சட்டம் செய்தார்கள். அதன் பாதுகாப்பு, அமலாக்க அதிகாரிகளிடம் தகவல் கொடுத்தவர்க்கென்று அமைந்தது. பத்திரிகைக்கோ உரிமைக் குழுவுக்கோ படம் அனுப்பியவர் அந்தக் குடைக்கு வெளியே நனைய வேண்டியதுதான். ஆகவே நம் தோழர்கள் தொழில் இலாகாவுக்கு ஒரு பிரதி அனுப்பாமல் இருக்கக் கூடாது. பத்து மாகாணிக்குப் பெறாத ஒரு தபால் தலை, பின்னாளில் ஒருவனுடைய சோற்றைக் காப்பாற்றலாம்.

வீட்டு வசதி பற்றிய குறையென்றால் இன்னும் பலமான பிடி இருக்கிறது. 446-ஆம் எண் சட்டம் 1990-இல் பிறந்தபோது தோட்டத்து லயங்களையும் சுரங்கத் தொழிலாளர் வீடுகளையும் மனதில் வைத்தே எழுதப்பட்டது. 2019-இல் அதைத் திருத்தி, 2020 ஜூன் முதல் தொழிற்சாலை விடுதிகளுக்கும் நீட்டினார்கள். 2021 மார்ச்சில் கையுறைக் கம்பெனிமீது ஈப்போ நீதிமன்றத்தில் பத்துக் குற்றச்சாட்டுகள் கொண்டுவரப்பட்டது இந்தச் சட்டத்தின் கீழ்தான். லயத்துக்கென்று வந்த சட்டம் ஆலைக்குப் போய் வேலை செய்திருக்கிறது. தன் பிறந்த வீட்டில் அது தூங்கிக் கிடப்பதை நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

நிர்வாகங்களிடம் நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. எழுத்தில் ஒரு குறை வந்தால் பதினான்கு நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். அதன் பிரதியைப் பெரட்டுக் களத்துப் பலகையில் தமிழிலும், வேண்டிய இடத்தில் நேப்பாளியிலும் வங்காளியிலும் ஒட்டுங்கள். செய்ய முடியாதது என்றால் முடியாது என்றே எழுதுங்கள், காரணத்தையும் எழுதுங்கள். குறை சொன்னவரை அதற்காக வேறு நிரைக்கு மாற்றுவது, மேட்டுக் காட்டுக்கு விரட்டுவது, ஓவர்டைமைப் பிடுங்குவது போன்ற சில்லறைப் பழிவாங்கல்களையும் நிறுத்துங்கள். நீக்கக் கடிதத்தை விட இவைதாம் அதிகம் நடக்கின்றன. கடிதமே இல்லாதபடியால் கோர்ட்டுக்கும் கொண்டுபோக முடிவதில்லை. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில், குறை கூறுவோரைப் பழிவாங்குவதில்லை என்ற வாசகத்தைத் தனி விதியாகவே சேர்க்கும்படி நம் பிரதிநிதிகள் வற்புறுத்த வேண்டும். 1941-இல் கேட்டது; இன்னும் பாக்கியிருக்கிறது.

யோங் பெங் வட்டாரத்தில் இவ்வாறு மாற்றப்பட்டவர்களோ நீக்கப்பட்டவர்களோ இருந்தால், கடிதம் வந்திருந்தால் கடிதத்தோடும், வராமல் வாய்ச்சொல்லாக இருந்தால் அது சொல்லப்பட்ட தேதியோடும், கிளைக் காரியதரிசியிடம் உடனே வரவேண்டும். 60 நாள் கணக்கு நீங்கள் கோபம் ஆறி உட்கார்ந்திருக்கும் நாளையும் சேர்த்தே எண்ணப்படுகிறது.